தண்டு வலித்த காலைகள்: என்சிசி கடற்படைப் பிரிவு குறித்து ஒரு தாயின் மதிப்புரை

என் பிள்ளைகள் இருவரும் பள்ளியில் படிக்கும்போது தேசிய மாணவர் படையின் (என்சிசி) கடற்படைப் பிரிவில் ஆளுக்கு இரண்டு ஆண்டுகள் பயிற்சி பெற்றார்கள். இருவருமே சென்னையில்தான் படித்தார்கள், பள்ளிகள்தாம் வேறு. அதே வெள்ளைச் சீருடை, அதே பாடத்திட்டம், முடிவில் கைக்கு வந்ததும் அதே ‘ஏ’ சான்றிதழ். இருந்தும், மூத்தவன் பெற்றதற்கும் இளையவள் பெற்றதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாட்டை நான் கண்கூடாகக் கண்டேன். பதின்ம வயதுப் பிள்ளைக்கு ஒழுங்கும் பொறுப்பும் வரவேண்டுமென்று எண்ணி இந்தப் பிரிவில் சேர்க்கலாமா என்று உறவினர்களும் அக்கம்பக்கத்தாரும் என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். தாராளமாகச் சேர்க்கலாம் என்பதே என் விடை. ஆனால், அந்தப் பள்ளியில் பிள்ளைக்குப் படகேறித் துடுப்பைப் பிடிக்கும் வாய்ப்பு உண்டா என்று விசாரித்துவிட்டுச் சேருங்கள் என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடுகிறேன்.

தேசிய மாணவர் படை, குன்ஸ்ரு தலைமையிலான குழுவின் பரிந்துரையைப் பின்பற்றி 1948ஆம் ஆண்டில் சட்டத்தின் வழியே தொடங்கப்பட்டது. 1949இல் மாணவியர் பிரிவும், 1950இல் விமானப்படைப் பிரிவும், 1952இல் கடற்படைப் பிரிவும் சேர்ந்தன. சீனப் போருக்குப் பின் 1963இல் கல்லூரி மாணவர்களுக்கு இதைக் கட்டாயமாக்கினார்கள்; 1968இல் மறுபடியும் விருப்பமுள்ளவர்களுக்கு மட்டும் என்று மாற்றினார்கள். கட்டாயமாக இருந்த காலத்தில் கல்லூரியில் படித்த என் தந்தையார், அந்த அணிவகுப்புகளை வருகைப் பதிவுக்காக நின்ற வெயில் நேரமாகவே இன்றும் நினைவுகூர்கிறார். அவருடைய பேத்தி விடியற்காலை நான்கரை மணிக்கு யாரும் எழுப்பாமல் எழுந்து சீருடையை எடுத்து மாட்டியதைப் பார்த்து அவர் வியந்ததற்கு அதுவே காரணம். விரும்பி வந்த பிள்ளையிடம்தான் இந்தப் பயிற்சி வேலை செய்கிறது என்பதை நம் நாடே ஒரு முறை பட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறது. பெற்றோர் தம் ஆசைக்காகப் பிள்ளையைத் தள்ளிவிட வேண்டாம்.

பள்ளி அளவில் மாணவர்களை ஜூனியர் டிவிஷன் என்றும் மாணவியரை ஜூனியர் விங் என்றும் அழைக்கிறார்கள். எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளில் இரண்டு ஆண்டுகள் பயிற்சியை முடித்துக்கொள்வதே பெரும்பாலோர் செய்வது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நெருங்குவதற்குள் ‘ஏ’ சான்றிதழ்த் தேர்வை எழுதிவிடலாம். கடற்படைப் பிரிவின் ஒவ்வொரு யூனிட்டுக்கும் கடற்படை அதிகாரி ஒருவர் தலைமை வகிக்கிறார். பயிற்சி தருகிறவர்களில் பணியில் இருக்கும் மாலுமிகள் உண்டு. பள்ளிக்குள் பொறுப்பை ஏற்பவர் அதற்கெனப் பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒருவர். பிள்ளைகளின் இரண்டு ஆண்டுகள் எப்படி அமையும் என்பது பெரும்பாலும் இந்த ஆசிரியரின் ஊக்கத்தைப் பொறுத்தது. இதை நான் அழுத்திச் சொல்வதற்கு என் மகனின் அனுபவமே சான்று.

அவன் படித்த பள்ளியின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அங்கே பொறுப்பாசிரியர் நடு ஆண்டில் மாறிப் போனார். அடுத்தவர் வரும்வரை சில மாதங்கள் அணிவகுப்பே நடக்கவில்லை. நடந்த நாட்களிலும், ஆண்டு விழாவுக்கு வரும் விருந்தினரை வரவேற்க வரிசையாய் நிற்பதும், விளையாட்டு விழாவில் கூட்டத்தை ஒழுங்குபடுத்துவதுமே இந்தப் பிள்ளைகளின் வேலையாக இருந்தன. ஒரு விழாவில் சிறப்பு விருந்தினர் ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்தார். வெயிலில் விறைப்பாக நின்றிருந்த ஒரு சிறுவன் மயங்கி விழுந்தான். என் மகன்தான் அவனைத் தூக்கி நிழலுக்குக் கொண்டு போனான். இரண்டு ஆண்டுகளில் அவன் படகேறியது ஒரே ஒரு முறை. அதுவும் ஓரத்தில் உட்கார்ந்து வந்த பயணியாக. முதுகை நிமிர்த்தி நடக்கவும், சொன்ன நேரத்துக்கு வரவும் அவன் கற்றுக்கொண்டான் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் கடற்படைப் பிரிவில் சேர்ந்தவன் கடலைப் பற்றிக் கற்றதெல்லாம் குறிப்பேட்டில் எழுதியவை மட்டுமே என்பது இன்றும் எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

அதனால், மூன்று ஆண்டுகள் கழித்து மகள் தானும் சேரவேண்டும் என்று நின்றபோது நான் முதலில் தயங்கினேன். அவள் வேறு பள்ளியில் படித்தாள். அந்தப் பள்ளியின் பொறுப்பாசிரியையைப் பார்த்து, “ஆண்டுக்கு எத்தனை நாள் தண்ணீருக்கு அழைத்துப் போவீர்கள், டீச்சர்?” என்று நேராகவே கேட்டேன். அவர் மழுப்பவில்லை. சென்ற ஆண்டின் பதிவேட்டை எடுத்துத் தேதிகளைக் காட்டினார். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் படகுப் பயிற்சி இருக்காது என்றும், அந்த மாதங்களில் கயிற்று முடிச்சும் செமஃபோர் என்ற கொடிச் சைகையும் கப்பல் மாதிரி செய்வதும் கற்றுத்தருவோம் என்றும், நீச்சல் தெரியாத பிள்ளையைச் சேர்த்துக்கொண்டாலும் நீச்சல் கற்றபின்தான் படகில் ஏற்றுவோம் என்றும் சொன்னார். அன்றைக்கே சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன்.

முதல் மூன்று மாதங்கள் முழுக்க அணிவகுப்புதான். கட்டளைகள் இந்தியில் இருக்கும். சாவ்தான் என்றால் விறைத்து நிற்க வேண்டும். விஷ்ராம் என்றால் தளர்ந்து நிற்க வேண்டும். தேஸ் சல் என்றால் நடை, தம் என்றால் நிறுத்தம். இந்தி அறியாத நம் பிள்ளைகள் இவற்றைப் பொருள் தெரிந்துகொள்வதற்கு முன்பே ஓசையாகப் பழகிவிடுகிறார்கள். ஆனால் வகுப்பு விளக்கங்களும் இந்தி கலந்து வரும்போது கூச்சப்படும் பிள்ளை பின்தங்கிப் போகும். அதைத் தமிழில் எடுத்துச் சொல்ல ஓர் ஆசிரியர் அருகில் இருந்தே ஆக வேண்டும். வெள்ளைச் சீருடையோ வீட்டுக்கே ஒரு பயிற்சியானது. சொட்டு நீலம் கூடினால் திட்டுத் திட்டாகத் தெரியும், குறைந்தால் மஞ்சள் ஓடும் என்பதை என் மகள் இரண்டு சட்டைகளைப் பாழாக்கித் தெரிந்துகொண்டாள். அதன் பிறகு அவள் சீருடையைத் துவைக்கவோ தேய்க்கவோ என்னை விட்டதே இல்லை.

மழைக்காலம் வந்ததும் கயிறு வீட்டுக்குள் நுழைந்தது. ரீஃப் நாட், க்ளோவ் ஹிட்ச், ஷீட் பெண்ட், போலைன் என்று ஒவ்வொரு முடிச்சையும் அவள் நாற்காலிக் காலிலும் சன்னல் கம்பியிலும் போட்டுப் பழகினாள். போலைன் முடிச்சின் அழகை அவள் காட்டித்தான் அறிந்தேன். எவ்வளவு இழுத்தாலும் அந்தக் கண்ணி இறுகிச் சுருங்காது. வேலை முடிந்ததும் அவிழ்க்க நினைத்தால் எளிதாக அவிழும். அதை முதுகுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டும், கண்ணை மூடிக்கொண்டும் போடும்வரை அவள் ஓயவில்லை. இருட்டிலும் மழையிலும் படகைக் கட்ட வேண்டி வரும் என்று பயிற்றுநர் சொல்லியிருந்தாராம். கட்டுமரம் என்ற சொல்லை உலக மொழிகளுக்குக் கொடுத்த கரையில் வாழ்கிறோம். மரத்தை மரத்தோடு கயிற்றால் பிணைக்கத் தெரிந்தவர்களின் ஊரில், என் தலைமுறையில் கொடிக்கயிற்றைக்கூட ஒழுங்காகக் கட்டத் தெரியாமல் வளர்ந்தவர்கள் ஏராளம். எங்கள் மொட்டை மாடிக் கொடி இப்போது தொய்வதில்லை.

செமஃபோர் என்பது இரண்டு கைகளிலும் கொடி பிடித்து, கைகளை வைக்கும் கோணத்தால் ஓர் எழுத்தைக் காட்டும் முறை. ஆங்கில நெடுங்கணக்கின் முதல் ஏழு எழுத்துகளுக்கு ஒரு கையை மட்டும் நகர்த்தினால் போதும். அதற்கு மேல் இரண்டு கைகளும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். பாட்டியின் பழைய புடவைத் துணியில் கொடி தைத்து, எதிர்வீட்டு மாடியில் நின்ற தோழியோடு அவள் மாலை நேரங்களில் பேசிக்கொண்டிருந்தாள். கைப்பேசி இருக்கும் காலத்தில் இது எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. எதிரில் இருப்பவர் ஒவ்வோர் எழுத்தையும் வாங்கிக்கொண்டாரா என்று பார்த்துப் பார்த்துத்தான் அடுத்த எழுத்தை அனுப்ப முடியும் என்பதே எனக்கு அதில் பிடித்தது. படபடவென்று பேசும் என் மகள் நிறுத்திப் பேசப் பழகியது அந்த மாடியில்தான்.

பொங்கல் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை பெற்றோரையும் படகுப் பயிற்சி பார்க்க அனுமதித்தார்கள். காலை ஆறரை மணி. அலையில்லாத நீர், கொஞ்சம் வாடைக்காற்று. கரையோரம் டிகே வேலர் எனப்படும் படகு கட்டியிருந்தது. 27 அடி நீளம், ஐந்து துடுப்புகள். ஒரு பக்கம் மூன்று பேர், மறு பக்கம் இருவர். பின்பக்கத்தில் சுக்கானைப் பிடித்தபடி காக்ஸ்வைன் எனப்படும் ஆறாவது பெண். ஒவ்வொரு துடுப்பும் அதைப் பிடித்திருக்கும் பெண்ணைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல் உயரம். உயிர்காப்பு மேலங்கியின் கட்டுகளைப் பயிற்றுநர் ஒவ்வொருவராக இழுத்துச் சரிபார்த்த பிறகே படகை அவிழ்க்க விட்டார். “டாஸ் ஓர்ஸ்” என்றதும் ஐந்து துடுப்புகளும் வானைப் பார்த்து நிமிர்ந்தன. முன்னால் இருந்த சிறு பெண்ணின் துடுப்பு மட்டும் தென்னங்கீற்று போல் நடுங்கிக்கொண்டிருந்தது.

“கிவ் வே டுகெதர்” என்ற கட்டளைக்குப் படகு நகர்ந்தது. நாலைந்து முறை துடுப்பை வலித்து இழுக்கும்வரை நன்றாகப் போனது. அதற்குள் அந்தச் சிறு பெண்ணின் துடுப்பலகு ஆழமாக இறங்கிச் சிக்கிக்கொண்டது. படகின் வேகத்தில் துடுப்பின் கைப்பிடி அவள் வயிற்றில் முட்டி அவளைப் பின்னால் தள்ளியது. இதைப் பிள்ளைகள் நண்டு பிடிப்பது என்கிறார்கள். படகு ஒரு பக்கமாகத் திரும்பியது. கரையில் நின்ற பயிற்றுநர் வாயைத் திறக்கவில்லை. காக்ஸ்வைனாக இருந்த பெண் “ஓர்ஸ்” என்று ஒரே ஒரு சொல் சொன்னாள். மற்ற நால்வரும் துடுப்புகளை நீருக்கு மேலே மட்டமாக நிறுத்திக்கொண்டு அசையாமல் இருந்தார்கள். விழுந்தவள் எழுந்து உட்கார்ந்து, துடுப்பை விடுவித்து, மூச்சு வாங்கி, சரி என்று சொல்லும்வரை அப்படியே இருந்தார்கள். வீடு திரும்பும் வழியில் என் மகள் சொன்னாள்: “திரும்பிப் பாக்கணும்னு தோணுச்சும்மா. ஆனா பாக்கக் கூடாது. நாங்க அசைஞ்சா படகு ஆடும், அவளால எழுந்திரிக்க முடியாது.”

அன்று அவள் உட்கார்ந்திருந்தது ஸ்ட்ரோக் எனப்படும் இடத்தில். துடுப்பு வலிக்கிறவர்கள் எல்லோரும் படகின் பின்பக்கத்தைப் பார்த்து உட்கார்கிறார்கள். போகும் திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் வலிக்க வேண்டும். ஸ்ட்ரோக் என்பவர் பின்கோடியில் இருக்கிறார். அவர் வலிக்கும் வேகமே படகின் வேகம். மற்ற நால்வரும் அவருடைய முதுகைப் பார்த்து ஒத்து வலிக்கிறார்கள். அவரால் அந்த நால்வரில் ஒருவரையும் பார்க்க முடியாது. எதிர்ப்படும் மிதவையையும் கரையையும் பார்க்கக்கூடியவர் காக்ஸ்வைன் மட்டுமே. அவர் கையிலோ துடுப்பு இல்லை. பார்ப்பவர் வலிப்பதில்லை, வலிப்பவர்கள் பார்ப்பதில்லை என்ற இந்த அமைப்பில் ஒருவரையொருவர் நம்பாமல் ஒரு முழம் தூரம்கூடப் போக முடியாது. பள்ளியில் வகுப்புத் தலைவி பட்டையைச் சட்டையில் குத்திக்கொண்ட பிள்ளைகளுக்குக் கிடைக்காத ஒன்று இந்தப் படகில் கிடைக்கிறது என்று நான் நம்புவது இதனால்தான். மேடையில் நின்று கட்டளை இடுகிறவன் தவறினால் யாரோ சமாளித்துவிடுவார்கள். படகில் தவறினால் படகு நிற்கிறது, எல்லோருக்கும் தெரிகிறது, எல்லோரும் நனைகிறார்கள்.

இந்தப் பயிற்சியைக் கடற்படையில் ‘போட் புல்லிங்’ என்கிறார்கள். நம் மொழியில் இதற்குத் தண்டு வலித்தல், அதாவது துடுப்பை இழுத்தல், என்ற பழைய தொடர் உண்டு. இரண்டிலும் இழுப்பதே வினை. படகின் முன்பக்கத்துக்கு அணியம், பின்பக்கத்துக்கு அமரம் என்று நம் கடலோரத்தில் வழங்கிவரும் சொற்களை இந்தப் பிள்ளைகளுக்கு ஒருவரும் சொல்லித்தருவதில்லை என்பது எனக்குக் குறையாகவே படுகிறது. என் மகளின் வகுப்பில் மீனவர் குடும்பத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை மற்றவர்களுக்கு முன்னால் அவளே சொல்லிவிடுவாளாம். பயிற்றுநர் சில நாட்களில் அவளையே முன்னால் நிறுத்தி விளக்கச் சொல்லியிருக்கிறார். அந்த நல்ல உள்ளத்தை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

இரண்டாம் ஆண்டில் சுக்கான் என் மகளின் கைக்கு வந்தது. முதல் முறை கரைக்குத் திரும்பும்போது “வே எனஃப்” என்ற நிறுத்தக் கட்டளையை அவள் தாமதமாகக் கொடுத்துவிட்டாள். படகு வந்த வேகத்திலேயே படித்துறையில் இடித்தது. யாருடைய தவறு என்று பயிற்றுநர் கேட்டபோது, துடுப்பை எடுக்கத் தாமதித்த தோழியைக் காட்டிவிட அவளுக்கு வழி இருந்தது. “என் தவறு சார், தூரத்தைத் தப்பாகக் கணித்துவிட்டேன்” என்றாளாம். அவர் அதற்கு மேல் ஒன்றும் கேட்காமல், மறுபடியும் படகைச் சுற்றிக் கொண்டுவரச் சொன்னார். அன்று நான்கு முறை கொண்டுவந்து நிறுத்தப் பழகினார்கள். பேருந்து வரவில்லை, மணி அடிக்கவில்லை, அண்ணன் எடுத்துவிட்டான் என்று எதற்கும் ஒரு சாக்கு வைத்திருந்த பெண் இவள்.

என்சிசியில் ஒழுங்குக்கு நான்கு நெறிகளைச் சொல்லித்தருகிறார்கள்: சிரித்த முகத்தோடு கீழ்ப்படி, நேரம் தவறாதே, அலட்டிக்கொள்ளாமல் உழை, சாக்கும் சொல்லாதே, பொய்யும் சொல்லாதே. கடைசி மூன்றிலும் எனக்குக் கருத்து வேறுபாடே இல்லை. முதலாவதைப் பற்றி வீட்டில் நாங்கள் நிறையப் பேசினோம். கீழ்ப்படிதல் எந்த இடத்தில் தேவை, எந்த இடத்தில் கேள்வி கேட்க வேண்டும் என்பதைப் பதினான்கு வயதுப் பிள்ளைக்குப் பெற்றோர்தான் பிரித்துக் காட்ட வேண்டும். ஒருவர் விழுந்து கிடக்கும்போது “ஓர்ஸ்” என்ற கட்டளைக்கு உடனே கீழ்ப்படிவது உயிரைக் காக்கும். மயங்கி விழும்வரை வெயிலில் நில் என்றால் பிள்ளை கையை உயர்த்திச் சொல்லத்தான் வேண்டும். என் மகன் அன்றைக்கு வரிசையைக் கலைத்துக்கொண்டு ஓடியதை நான் இன்றும் சரி என்றே சொல்கிறேன்.

கப்பல் மாதிரி செய்யும் வகுப்பைப் பற்றி ஒரு சொல். இதைக் கற்றுத்தரவே கடற்படை யூனிட்டுகளில் தனிப் பயிற்றுநர் இருக்கிறார். லேசான பால்சா மரத்தை வெட்டி, உப்புத்தாளால் தேய்த்து, பசையிட்டு, வண்ணம் பூசி ஒரு போர்க்கப்பலின் சிறு வடிவத்தை எழுப்ப வாரக்கணக்கில் ஆகும். விளையாட்டில் பின்தங்கிய, கூச்ச சுபாவமுள்ள பிள்ளைகள் இங்கே தலை நிமிர்வதைப் பார்த்தேன்; அகில இந்தியப் போட்டிவரை கொண்டு போகக்கூடிய கலை இது.

கூட்டு ஆண்டுப் பயிற்சி முகாம் பத்து நாட்கள் நடக்கும். விடியுமுன் எழுவது, தன் தட்டைத் தானே கழுவுவது, குளிக்க வரிசையில் நிற்பது, இரவு விளக்கணைத்ததும் படுப்பது என்று வீட்டில் பிள்ளை செய்யாதவை எல்லாம் அங்கே தாமாக நடக்கின்றன. துப்பாக்கி சுடும் பயிற்சி .22 ரைஃபிளில் தரப்படுகிறது. முகாமில் பத்துப் பெண்களின் பொறுப்பு என் மகளிடம் இருந்தது. முதல் இரவு ஒரு பெண் அம்மாவை நினைத்து அழுதுகொண்டே இருக்க, இவள் அவளுடைய படுக்கைக்கு அருகே தன் பாயை இழுத்துப்போட்டுப் படுத்துக்கொண்டாளாம். இதை எனக்குச் சொன்னது என் மகள் அல்ல. முகாம் முடிந்த நாளில் அந்தப் பெண்ணின் தாய் தேடி வந்து சொன்னார்.

இதற்கு மேலும் படிகள் உண்டு. அகில இந்திய நௌ சைனிக் முகாம் கடற்படைப் பிரிவினரின் பெருங்கனவு. அண்மை ஆண்டுகளில் லோனாவாலாவில் உள்ள ஐஎன்எஸ் சிவாஜியில் நடந்திருக்கிறது. படகு வலித்தல், பாய்மரப் படகு, செமஃபோர், கப்பல் மாதிரி என எல்லாவற்றிலும் பல மாநிலங்களிலிருந்து வரும் அணிகள் மோதும். அதற்குப் பல கட்டத் தேர்வு முகாம்களைக் கடக்க வேண்டும். கல்லூரிக்குப் போனபின் சீனியர் பிரிவில் ‘பி’, ‘சி’ சான்றிதழ்கள் பெறலாம். கேரளத்தின் எழிமலையில் உள்ள இந்தியக் கடற்படை அகாதமியில் தங்கிப் பயிலவும், கடற்படைக் கப்பல்களில் சில நாட்கள் செல்லவும் தேர்ந்தெடுக்கப்படுகிறவர்களுக்கு வாய்ப்பு உண்டு. ‘சி’ சான்றிதழைத் தேவையான தரத்தில் பெற்ற பட்டதாரிகள், அதற்கெனத் தனியாக உள்ள சேர்க்கை வழியில் எழுத்துத் தேர்வு இல்லாமலே, படை அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் எஸ்எஸ்பி நேர்காணலுக்குச் செல்ல முடியும். ஆனால் பள்ளிப் பருவத்து ‘ஏ’ சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு வேலையையும் இட ஒதுக்கீட்டையும் கணக்குப் போட வேண்டாம் என்று பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கணக்கோடு சேர்க்கப்படும் பிள்ளைகள் முதல் கோடை வெயிலிலேயே நின்றுவிடுகிறார்கள்.

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். என் மகளின் மேசைக்கு மேலே ஐஎன்எஸ்வி தாரிணி என்ற பாய்மரப் படகின் படம் ஒட்டியிருக்கிறது. புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபாவும் கோழிக்கோட்டைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் தில்னாவும் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து அந்தப் படகில் புறப்பட்டு, இருவர் மட்டுமே உலகைச் சுற்றி, 2025 மே மாத இறுதியில் திரும்பி வந்தார்கள். அதற்கு முன் 2017-18இல் ஆறு பெண் அதிகாரிகள் அதே படகில் உலகைச் சுற்றியிருக்கிறார்கள். வெயிலில் கறுத்துப் போவாள், கை காய்த்துப் போகும் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொன்னார்கள். கை காய்த்துத்தான் போயிற்று. முதலில் கொப்புளம் வந்து உடைந்து எரிந்தது, மஞ்சள் பூசினோம், மூன்றாம் வாரத்தில் தோல் தடித்தது. அந்தத் தடிப்பை அவள் தன் தோழிகளிடம் காட்டிப் பெருமைப்பட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

செலவு என்று பெரிதாக எதுவும் இல்லை. பயிற்சிக்கும் முகாமுக்கும் கட்டணம் கிடையாது. சீருடைக்கு அரசு உதவுகிறது. அணிவகுப்பு முடிந்ததும் சிற்றுண்டியும் தருகிறார்கள். தையல் கூலி, பாலிஷ், விடியற்காலை ஆட்டோ இவைதாம் எங்கள் கையிலிருந்து போனவை. இந்த அளவுக்குத் தரமான பயிற்சியைத் தனியார் கோடை முகாம்களில் பெற வேண்டுமானால் நடுத்தரக் குடும்பம் தாங்காது.

குறைகளையும் மறைக்காமல் எழுத வேண்டும். ஒவ்வொரு பள்ளிக்கும் குறிப்பிட்ட எண்ணிக்கையில்தான் இடங்கள். ஆர்வமுள்ள எல்லோருக்கும் கிடைப்பதில்லை. ஒரு படகில் ஐவர்தான் வலிக்க முடியும் என்பதால் மற்றவர்கள் கரையில் காத்திருக்கும் நேரம் அதிகம். கடற்படைப் பிரிவு எல்லா ஊர்களிலும் இல்லை. 2020ஆம் ஆண்டு சுதந்திர நாளில், எல்லையோர, கடலோர மாவட்டங்கள் 173இல் மாணவர் படை விரிவாக்கப்படும் என்றும் புதிதாகச் சேர்க்கப்படும் ஒரு லட்சம் பேரில் மூன்றில் ஒரு பங்கு மாணவியர் என்றும் அறிவிப்பு வந்தபோது நான் மகிழ்ந்தேன். எண்ணிக்கை கூடும்போது படகுகளும் பயிற்றுநர்களும் அதே அளவில் கூட வேண்டும். இல்லையென்றால் என் மகனைப் போலக் குறிப்பேட்டில் கடல் கற்கும் பிள்ளைகளே பெருகுவார்கள்.

மும்பையில் வாழும் என் அண்ணன் தன் மகனுக்காகக் கேட்டபோது, அங்கே இன்னொரு வழியும் உண்டு என்று சொன்னேன். 1938இல் கராச்சியில் தொடங்கி, பிரிவினைக் காலத்தில் மும்பைக்கு வந்த ஸீ கேடட் கோர் என்ற இளையோர் கடற்பயிற்சி அமைப்பு அங்குள்ள கொலாபாவில் இயங்குகிறது. அவரிடமும் நான் கேட்கச் சொன்னது படகு நாட்களின் எண்ணிக்கையைத்தான்.

ஜூன் மாதத்தில் பள்ளி திறந்ததும் சேர்க்கை அறிவிப்பு வருகிறதா என்று கவனித்துக்கொண்டிருங்கள். பொறுப்பாசிரியரை நேரில் பாருங்கள். சென்ற ஆண்டு எத்தனை நாள் தண்ணீருக்குப் போனார்கள், எத்தனை பேர் துடுப்புப் பிடித்தார்கள், விழாக்களுக்கு எத்தனை நாள் பிள்ளைகளை நிறுத்தினார்கள் என்று கேளுங்கள். தயங்காமல் பதில் சொல்கிறவர் நல்ல ஆசிரியர். மூச்சுத்திணறல், வலிப்பு நோய் போன்ற தொல்லை உள்ள பிள்ளையாக இருந்தால் மருத்துவரைக் கேட்டு முடிவெடுங்கள், படிவத்தில் மறைக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் முன்பாக நீச்சல் கற்றுக்கொடுங்கள். என் மகள் மெரினா நீச்சல் குளத்தில் கோடை விடுமுறையில் கற்றாள். உங்கள் ஊரில் குளம் இருந்தாலும் கிணறு இருந்தாலும், நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவரின் துணையோடு மே மாதத்திலேயே தொடங்கிவிடுங்கள். ஜூனில் பெயர் கொடுத்த பிள்ளை, மழை முடிந்து தை பிறக்கும்போது நீச்சல் தெரியாததால் கரையில் நின்று பார்க்கும்படி ஆகிவிடக் கூடாது.